கழுவ மாட்டேன்

செருப்பை வெளியே உதறிவிட்டு, வெறுங்காலோடு கோழிக் கொட்டகைக்குள் நுழைகிறார் அக்கா. நாலடி வைத்ததும் நின்று கண்ணை மூடிக்கொள்கிறார். "உள்ளங்கால்ல இளஞ்சூடு ஏறணும். ஏறுச்சுன்னா அடியில வேல நடக்குதுன்னு அர்த்தம்." குனிந்து, காலடியில் கிடக்கும் மரத்தூளில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிகிறார். விரலிடுக்கில் ஈரம் கசியவில்லை. கையை விரித்ததும் பொலபொலவென உதிர்கிறது. முகத்தில் ஒரு திருப்தி. கொஞ்சம் சோளத்தை விசிறியதும் பத்தொன்பது கோழிகளும் பாய்ந்து வந்து தரையைக் கிளறுகின்றன. "பாத்தீங்களா? மண்வெட்டிக்கு இன்னைக்கு லீவு."

எங்கள் தெருவில் அவருக்கு மரத்தூள் அக்கா என்று பெயர். வயது ஐம்பத்து நான்கு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வீடு திரும்பும்போது ஒரு தோளில் சாப்பாட்டுப் பை, மறுதோளில் தச்சுப்பட்டறையில் வாங்கிய தூள் மூட்டை. வழியில் யாராவது சருகைக் கூட்டிக் குவித்தால் போதும், "கொளுத்திராதீங்கண்ணே, எனக்கு வேணும்" என்று சாக்கை விரித்துவிடுவார்.

தூளும் சருகும் கொட்டகைத் தரையில் ஒரு அடி உயரத்துக்குக் கிடக்கின்றன. எச்சம் அதிலேயே விழும். மேலே இன்னொரு அடுக்குத் தூவுவார். கோழிகள் கிளறிக் கலக்க, அடியில் எல்லாம் மக்கும். வருஷத்துக்கு ஒருமுறைதான் வெட்டி எடுப்பது. அதையும் மூலையில் குவித்து, மாதக்கணக்கில் ஆறப்போட்ட பிறகே செடிக்குப் போடுவார். விவரம் தெரிந்தவர்கள் இதை ஆழ்கூளம் என்பார்கள். அவருக்கு அது 'மெத்தை'.

பக்கத்து மாடிவீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. அவர் கண்ணுக்கு அது வருஷம் முழுக்க அள்ளாத அசிங்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் சத்தம் போட்டபோது, அக்காவின் கணவர், வம்பு என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற லாரி டிரைவர், "ஒரு தடவ கழுவித்தான் விட்டுடேன்" என்று மனைவியிடம் கெஞ்சினார். அக்கா இணங்கினார். மெத்தையை வழித்தெறிந்து, குழாய் வைத்துத் தரையைக் கழுவினார். ஈரத்தில் விழுந்த எச்சம் நாலாம் நாளே கண்ணைக் கரிக்க ஆரம்பித்தது. கோழிகளுக்குக் கண் வீங்கி, மூச்சு இழுத்து, ஆறு செத்தன. "அடுத்தவங்க பேச்சக் கேட்டு நானே கொன்னேன். இனிமே அந்தத் தப்பு நடக்காது" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும்.

இந்த வருஷம் மாடிவீட்டுக்காரர் சத்தம் போடவில்லை, மனுக் கொடுத்தார். சுகாதார ஆய்வாளர் வந்தார். வாசற்படி தாண்டாமலே, "அம்மா, மூணு நாள்ல எல்லாத்தையும் அள்ளிக் கழுவிடுங்க. இல்லன்னா கோழிகளத் தூக்கிட்டுப் போக வேண்டியிருக்கும்" என்றார்.

"கழுவ மாட்டேன் சார்."

"என்னம்மா, இப்படிப் பேசுறீங்க?"

"இருபத்தாறு வருஷமா ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறேன். நாத்தம்னா என்னன்னு எனக்கா சொல்லித் தர்றீங்க? மாட்டேன்னு சொன்னேன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

அவர் எழுதினார். அக்கா போட்டார், அழுத்தி.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. மாடிவீட்டு மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய் உடைந்து, தண்ணீர் நேராகக் கொட்டகைக்குள் இறங்கியது. மறுநாள் காலை எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற எனக்கே கண் எரிந்தது. மூன்று வருஷமாக வராத நாற்றம், வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டது. தரையைக் கழுவிவிடலாம் என்று கணவர் ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அதத் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

இரண்டு நாள் விடுப்புப் போட்டார். நனைந்த பகுதியை மட்டும் வெட்டி, கூடை கூடையாகக் குப்பைக்குவியலில் சேர்த்து, சருகு கலந்து மூடினார். உடைந்த குழாயைத் தகரம் வைத்துத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார். பட்டறையிலிருந்து ஐந்து மூட்டை உலர்ந்த தூள் வந்தது. கொட்டி, கிளறி, முகர்ந்து, மறுபடி கொட்டி. முணுமுணுத்துக்கொண்டே கணவரும் மூட்டை தூக்கினார். பயமாக இல்லையா என்று பிறகு கேட்டேன். "இருந்துச்சு. பயந்துக்கிட்டேதான் வெட்டுனேன்."

மூன்றாம் நாள் ஆய்வாளர் வந்தார். அக்கா கொட்டகையின் நட்டநடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். ஒரு கோழி அவர் பூட்ஸ் கயிற்றைக் கொத்தியது. மூச்சை அடக்கிப் பார்த்தார், விட்டுப் பார்த்தார். குனிந்து தானே ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "ஏம்மா, மரத்தடி மண்ணு மாதிரில்ல இருக்கு!" துர்நாற்றம் இல்லை, நடவடிக்கை தேவையில்லை என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, உடைந்த குழாய்க்காக மாடிவீட்டின் கதவைத் தட்டப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். இத்தனை வருஷத்தில் கொட்டகையை அவர் கிட்ட வந்து பார்ப்பது அதுவே முதல் தடவை. மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியபடி கதவருகே நின்றார். அக்கா கிட்டே போய், அந்தக் கைக்குட்டையை அவர் முகத்திலிருந்து மெல்ல உருவி, அவருடைய சட்டைப்பையிலேயே செருகி, மேலே இரண்டு தட்டுத் தட்டினார்.