ஒரு டயப்பர் பாக்கி

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு குழந்தையை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. ஆதாரம் பலமானது. அங்கே குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக், சம்பள நாளன்று பெட்டி நிறைய டயப்பரும் பால்பவுடர் டப்பாவும் சுமந்து போகிறார். ஆனால் அழுகைச் சத்தம் இல்லை. கொடியில் சின்னத் துணி இல்லை.

"நாய்க்குட்டியா இருக்கும்" என்றார் ஒருவர்.

"நாய்க்கு எதுக்கு டயப்பர்?"

"வசதியான நாயா இருக்கும்."

அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடாத என் நல்ல பழக்கத்தை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டுப் படியேறினேன். லிஃப்ட் ரிப்பேர்.

கதவைத் திறந்த மெக்கானிக் சிரித்தார். "நீங்களும் குழந்தையைப் பாக்கத்தானே வந்தீங்க? வாங்க." பீரோவின் மேல் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்ததைக் காட்டினார். "புது லிஃப்ட் போட்டா உடனே ஆளை ஏத்த மாட்டோம் சார். இரும்பு எடையை ஏத்தி மேலயும் கீழயும் ஓட்டுவோம். நடுவுல நின்னா இரும்புதானே மாட்டும்? பிள்ளை விஷயமும் அப்படித்தான்."

அதாவது, பிறக்காத குழந்தையின் செலவை ஆறு மாதம் வீட்டின் மேல் ஏற்றிப் பார்க்கிறார். டயப்பரும் பால்பவுடரும் பொருளாகவே வரும். டாக்டர் பீஸும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கான சம்பளமும் உண்டியலுக்குப் போகும். மிச்சத்தில் வாடகை, சாப்பாடு, பைக் தவணை. கைமாற்று வாங்காமல் ஆறு மாதம் ஓடிவிட்டால் குழந்தை உண்டு. நின்றுபோனால் இல்லை.

"எழுதிக் கூட்டிப் பாத்தா போதாதா?"

"பேப்பர்ல எழுதின எடைக்கு மோட்டார் திணறாது சார்."

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துபவர். "எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சுது. இவரு இன்னும் டெஸ்ட் ஓட்டிட்டிருக்காரு" என்றார், சிரிக்காமல். முதல் சோதனை பாதியிலேயே நின்றுவிட்டதாம். இது இரண்டாவது, ஐந்தாம் மாதம், இதுவரை எங்கும் இடிக்கவில்லை என்று மெக்கானிக் பெருமைப்பட்டபோது, அந்த அம்மா தண்ணீர் எடுக்க எழுந்துபோனார். யாரும் தண்ணீர் கேட்டிருக்கவில்லை.

அந்தத் தண்ணீர்தான் என்னை, டயப்பர் விற்கும் தெருமுனைக் கடைக்காரரிடம் அனுப்பியது.

"அந்தக் குழந்தையா? ரொம்பக் கொஞ்சமாத்தான் செலவு வைக்குது சார்" என்றார் அவர். "ஐயா வாங்கிட்டுப் போவாரு. அடுத்த வாரம் அம்மா பாதியைத் திருப்பிக் கொண்டாந்து காசாக்கிட்டுப் போவாங்க. ஒரு பாக்கெட் மட்டும் மூலை கிழிஞ்சு, ஒரு டயப்பர் குறைச்சலா வந்துச்சு. தெரிஞ்சவங்களாச்சேன்னு முழுக்காசும் குடுத்தேன். அந்த ஒண்ணுக்குப் பாக்கி நிக்குது."

படிக்கட்டில் அந்த அம்மாவைப் பிடித்தேன். மழுப்பவில்லை.

"வீடு நின்னுடக் கூடாதுன்னு எடையை இறக்கினேன் சார். காலிப் பெட்டியை அப்படியே மேல வச்சிட்டேன். இந்தத் தடவையும் நின்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு. எனக்கு அவ்வளவு நாள் இல்ல."

"அந்த ஒரு டயப்பர்?"

"எவ்வளவு சின்னதுன்னு பாக்க எடுத்தேன். ரெண்டு உள்ளங்கை அளவுதான். திருப்பிக் குடுக்க மனசு வரல." இறங்கப்போனவர் நின்றார். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் லிஃப்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த மனிதரிடம் பொதுவாக ஒரு சந்தேகம் கேட்பது சொல்வதாகாது. "எடையை இறக்கிட்டு, டெஸ்ட் பாஸுன்னு சொன்னா என்ன ஆகும்?"

"சீட்டு கிழிஞ்சிடும்." ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அவ சொன்னாளா?"

நான் லிஃப்டின் கூரையைப் பார்த்தேன்.

"பல்பு மாத்த ஸ்டூல்ல ஏறினேன் சார். நான் ரெண்டு கையால தூக்கி வச்ச பெட்டி, ஒரு விரலுக்கு வந்துச்சு."

"கேக்கலையா?"

"கேட்டா ஃபெயில்னு நானே சொல்லணும். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனா இறக்கின எடை எங்கேயும் போயிடாது. பிள்ளை வந்தா திரும்ப ஏறிடும். அதான் ஞாயித்துக்கிழமை வேலையும் ஒத்துக்கிட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

ஒரே வீட்டின் இரண்டு ரகசியங்களை வாடகையில்லாமல் சுமந்தேன். ஆறாம் மாதம் முடிந்தது. சோதனை பாஸ் என்று மெக்கானிக் அறிவித்தார். மனைவி நம்பியதுபோல் கேட்டுக்கொண்டார். அரசாங்க அறிக்கைகளுக்கும் இவ்வளவு மரியாதை கிடைப்பதில்லை.

சில மாதம் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். "இப்பல்லாம் எதுவும் திரும்பி வர்றதில்ல சார். நல்ல விஷயம்தான். ஆனா அந்த ஒரு டயப்பர் காசு?"

லிஃப்டில் அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். பக்கத்தில் மெக்கானிக், மோட்டார் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி நின்றார்.

"அதைக் கட்டிக்கப் போற ஆளே நேர்ல வந்து குடுக்கும்னு சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. " இன்னும் ஆறு மாசம் ஆகும்."

கடைக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் யோசித்தார். "நடந்து வர்றதுக்கு அதுக்கும் மேல ஒரு வருஷம் ஆகுமே சார்" என்றார்.