தேசிக்காயில் ஏறாத பிக்கப்

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த பிக்கப் ஒன்றைப் புத்தியுள்ள எவனும் வாங்கமாட்டான். நான் வாங்கினேன். விற்றவர் எங்கடை ஆள்தான்.

"அண்ணை, எல்லாம் ஹைவேயில ஓடின ஓட்டம். எஞ்சினுக்கு அலுப்பே தெரியாது," என்றார். எஞ்சினின் அலுப்பு இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

அவ்வளவு அவசரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொரன்ரோவுக்கு வந்து இறங்கியதிலிருந்து ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி விரல்கள் வெடித்துவிட்டன. சோறு பிசைந்தால் குழம்பு பட்டு எரியும். அப்போதுதான் அஜின்கோர்ட்டில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், சொந்த வாகனம் இருந்தால் வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை தருவதாகச் சொன்னார். மாட்டுவண்டி கிடைத்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

வாங்கிய கிழமையே சைலன்சர் கழன்று றோட்டில் விழுந்தது. அடுத்தது ரேடியேற்றர். பிறகு துருப்பிடித்த அடித்தகடு ஓட்டையாகி, மனைவி கால் வைக்கிற இடத்தில் றோட்டுத் தெரிந்தது. ஒரு பலகையை வைத்து மூடினேன். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்தச் சனியன் இரண்டு விதமாகவும் தின்றது.

பொனற்றைத் திறந்தால் போதும், எங்கள் கட்டடத்துச் சனம் முழுக்க மெக்கானிக் ஆகிவிடும். ஊரில் சைக்கிளுக்குக் காற்றடித்தும் அறியாத ஒருவர் எஞ்சினைத் தட்டிப் பார்த்து, "உது மூச்சு விடுகுதில்லை," என்று தீர்ப்புச் சொன்னார். என் மனைவியின் தீர்ப்பு வேறு.

"பூசை செய்யாத வாகனம் இப்பிடித்தான் படுத்தும். சனிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோவமப்பா."

முதலாளியும் அன்றைக்குத் தன் புது வானுக்குப் பூசை வைத்திருந்தார். "நல்லதாப் போச்சு, அங்கையே உம்மட வாகனத்தைப் பார்த்து வேலையை முடிவாக்குவம்," என்றார். எனக்குத்தான் அது நல்லதாகப் படவில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து இந்தப் பிக்கப்பை ஒருமுறை நிறுத்தினால், திரும்ப ஸ்ராட் ஆவது அதன் விருப்பம். பூசை முடியும்வரை நிறுத்துவதேயில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

ராகுகாலத்துக்கு முன் முடிக்கவேண்டும் என்று வாகனங்கள் வரிசையில் நின்றன. எனக்கு நேர்பின்னால் முதலாளியின் வான். ஐயர் என் பிக்கப்புக்குச் சந்தனம் பூசி, நாலு சில்லுக்கும் முன்னால் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, வைத்தார். கற்பூரத்தைக் கொளுத்தினார். எது கற்பூரப் புகை, எது பிக்கப்பின் புகை என்று பிள்ளையாருக்கே விளங்கியிராது. ஐயர் இருமினார்.

"எஞ்சினை நிப்பாட்டும்!"

"ஐயா, ஓடிக்கொண்டு நிண்டால் என்ன?"

"நான் சொல்லுற மந்திரம் எனக்கே கேக்குதில்லை. நிப்பாட்டும்!"

நிறுத்தினேன். மணி அடித்து, தீபம் காட்டி, "இனித் தேசிக்காயை நசிச்சுக்கொண்டு முன்னுக்கு எடும்," என்றார். சாவியைத் திருப்பினேன். கிர்ர்ர் என்று ஒரு முனகல். திரும்பவும் திருப்பினேன். அந்த முனகலும் போய்விட்டது.

"ராகுகாலம் வரப்போகுது, தள்ளுங்கோடாப்பா!" என்று யாரோ கத்தினார்கள். பட்டு வேட்டிகளெல்லாம் புதுக் கார்களை விட்டு இறங்கி ஓடி வந்தன. கண்ணாடியில் பார்த்தேன். பின்கதவில் இரண்டு கையையும் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுகிறவர் முதலாளி. போச்சடா, இனி ஆயுள் முழுக்கக் கோப்பைதான்! அழுகையே வந்துவிட்டது. பிக்கப் தேசிக்காய்களை நசித்து நாலடி போய் நின்றது. சனம் "அரோகரா!" என்றது.

முதலாளி கையெல்லாம் துருவோடு என் கதவடிக்கு வந்தார்.

"தம்பி, திங்கக்கிழமை வேலைக்கு வாரும்."

"உண்மையாவோ முதலாளி?"

"உந்தச் சவத்தை வீட்டில விட்டிட்டு வாரும். உதை இஞ்சை வரைக்கும் ஓட்டி வந்த மனுசன் என்ர வானைப் பூப்போல ஓட்டுவான்."

சந்தோசத்தில் அவருடைய துருப்பிடித்த கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆனால் இன்னும் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. பிக்கப் வழியை மறித்து நின்றது, ஐயர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, இன்னொருக்கா ஒரு கை பிடிப்பியளோ?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.