உப்பு என்று நினைத்துத் திறந்த பை

போன வருடம் மாரி தொடங்கிய நேரம். எங்கள் ஊரான குருக்கள்மடத்தில், வீட்டுக் குசினியில் நடந்தது இது.

எனக்குக் கண் தெரியாது. கண்ணில் அழுத்தம் கூடுகிற நோய் வந்து, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் வெளிச்சமும் இல்லாமல் போனது. அதற்கு முன் வீடுகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தேன். அந்த வேலை போனதும் மனைவி புடைவைக் கடையொன்றில் சேர்ந்தாள், நான் சமையலை எடுத்துக்கொண்டேன். பாவம் பார்த்து யாரும் எனக்கு அதைத் தரவில்லை. நான் நன்றாகச் சமைப்பேன், அவ்வளவுதான். எந்தப் போத்தலுக்கு என்ன மூடி, எதற்கு என்ன மணம் என்பதெல்லாம் விரலும் மூக்கும் அறியும்.

அன்று வாவி இறால் கிடைத்திருந்தது. கோது உடைத்துக் கழுவிச் சட்டியில் போட்டாயிற்று. குழம்பு கொதிக்கும்போதுதான் உப்புப் போத்தல் காலி என்று தெரிந்தது. முதல்நாள் மனைவி வாங்கி வந்த சாமான் பை மேசையில் இருந்தது. கையை விட்டேன். வழக்கமான உப்புப் பை போலவே அளவு, அதே பாரம், உள்ளே அதே நறநறப்பு. மூலையைக் கத்தரித்து மோந்து பார்த்தேன். மணமில்லை. உப்புக்கும் மணமில்லைதானே.

நான் உப்பை நேரே சட்டியில் கொட்டுவதில்லை. உள்ளங்கையில் எடுத்து அளவு பார்த்துத்தான் போடுவேன். கை இறால் கழுவிய ஈரத்தோடு இருந்தது. கொட்டிய கொஞ்ச நேரத்தில் கை சுட்டது. அடுப்பில் பட்டுவிட்டதாக்கும் என்று பின்னால் நகர்ந்தேன். சூடு விடவில்லை, ஏறிக்கொண்டே போனது. பிறகு சவர்க்காரம் பூசியதுபோல் கை வழுக்கியது. என் தோல்தான் கரைகிறது என்று அப்போது விளங்கவில்லை.

நான் கத்தியதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். பையைப் பார்த்ததும் அவருடைய குரலே மாறிவிட்டது. “தம்பி, இது உப்பில்ல. சிங்க் அடைப்பெடுக்கிற மருந்து.”

அந்த மருந்து அதுவரை தடித்த டப்பாவில், அமத்தித் திருகினால்தான் திறக்கிற மூடியோடு வந்துகொண்டிருந்தது. அதை எப்போது பைக்கு மாற்றினார்களோ, எனக்குத் தெரியாது. உப்பு விற்பதும் அதே கம்பனிதான். கைக்கு இரண்டும் ஒரே பை.

ஆஸ்பத்திரியில் கையைக் கழுவி மருந்து கட்டினார்கள். வேலையிடத்திலிருந்து ஓடி வந்த மனைவியிடம், வரிசையில் நின்ற யாரோ, கண் தெரியாத மனிசனை ஏன் அடுப்படிக்கு விட்டீர்கள் என்று கேட்டார். பின்னேரம் பார்க்க வந்த சொந்தக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். எல்லாரும் அவளிடம் கேட்டார்கள். என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. குழம்பில் போட்டிருந்தால் முதலில் ருசி பார்த்திருப்பது நான்தான். என் தொண்டை என்னவாகியிருக்கும் என்று நினைக்க நினைக்க எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அடுத்த நாள் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பிள்ளை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முழுவதையும் சொல்லி முடித்ததும், “பின்பக்கத்தில சிவப்பு எழுத்தில எச்சரிக்கை இருக்கு சேர். வாசிச்சுப் போட்டுத்தான் பாவிக்கணும்” என்றது. எனக்குக் கண் தெரியாது என்பதை மறுபடியும் சொன்னேன். அப்படியென்றால் வீட்டில் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்றது. தொலைபேசியை வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும்.

சில நாளில் கம்பனியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். படம் எடுக்க ஒரு ஆள், அன்பளிப்பாக ஒரு பெரிய சாமான் பை. முன்னால் நான் உட்கார்ந்திருக்க, அண்ணனுக்கு இப்போது எப்படி என்று என் மனைவியிடம் விசாரித்தார். நான்தான் குறுக்கே பேசினேன். பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். கம்பனியின் சாமான் எல்லாம் இருக்கிறதாம். உப்பும் இருக்கிறதாம், அடைப்பெடுக்கிற மருந்தும் இருக்கிறதாம்.

“ரெண்டையும் நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிற?” என்றேன்.

“அது லேசு அண்ணன். உப்பு நீலப் பை, மற்றது சிவப்புப் பை.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். நான் கட்டில்லாத கையால் பையை அவர் பக்கம் தள்ளி, கொண்டுபோகச் சொன்னேன். போகும்போது, கவனமாக இருங்கள் என்று புத்தி வேறு சொன்னார்.

அப்போதுதான் மனைவி பேசினாள். “இவர் கவனமாத்தான் இருந்தவர். அதாலதான் உயிரோட இருக்கிறார். கவனமில்லாம இருந்தது நீங்க.”

அன்று படம் எடுக்கவில்லை.

எங்கள் ஊர்க் கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, நாங்கள் கேட்காமலே அந்த மருந்தைக் கடையில் வைப்பதை நிறுத்திவிட்டார். கம்பனி எதையும் மாற்றவில்லை. மற்ற ஊர்களில் இன்றும் அதே பைதான் விற்கிறது. என் வலது உள்ளங்கைத் தோல் தடித்துவிட்டது. கையில் உப்பு கிடக்கிறதா இல்லையா என்பதுகூட அந்தக் கைக்குச் சரியாகத் தெரிவதில்லை. கண்ணில்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொன்னாலும் பலருக்கு விளங்காது. இடக்கையால் அளந்து பழகிக்கொண்டேன். சமையலை விடவில்லை.

ஒரு பையின் மூலையில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி சின்னத் தடிப்பு ஒன்று வைக்க வேண்டும் என்று அந்தக் கம்பனியில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்கிற கோபம், கை ஆறிய பிறகும் எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.