குங்குமம் இறங்கிய தட்டு

தோட்டத்துக் கேட்டைத் தாண்டி ராயக்கோட்டை ரோட்டில் நடக்க ஆரம்பித்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. தோளில் துணிப்பை. அதில் துணிமணிகளும் ஒரு பிஸ்கட் டின்னும். தட்டை மட்டும் பையில் போடாமல், பழைய போர்வையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தேன். பின்னால் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. அந்தக் கேட்டைச் செய்த பட்டறையில் நானும் இருந்தேன். கீழ்ச்சட்டத்துக்குக் கிரைண்டர் பிடித்தவன் நான்தான்.

வேலையும் தங்க ஓர் அறையும் கிடைக்கும் என்று அன்று காலைதான் அந்தக் கேட்டுக்குள் போனேன். இரண்டும் கிடைத்தன. சாயங்காலத்துக்குள் இரண்டையும் விட்டுவிட்டு வெளியே வந்தேன். தட்டைக் கொடுத்திருந்தால் இன்றும் அங்கேயே இருந்திருப்பேன்.

சோறு போட்டுச் சாப்பிடும் அளவுள்ள தட்டு அது. வெளிர் நிற மண்ணில் செய்து சுட்டு, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சில் முக்கி, அந்தப் பூச்சின்மேல் நீலத்தில் படம் வரைந்து மறுபடியும் சுட்டது. சீனாவிலிருந்து கப்பலில் வந்த பீங்கானைப் பார்த்து ஹாலந்துக்காரர்களுக்கும் இங்கிலாந்துக்காரர்களுக்கும் ஆசை வந்தது. அந்த மண் அவர்கள் ஊரில் கிடைக்கவில்லை. அதனால் தங்கள் மண்ணை வெள்ளையால் மூடினார்கள். விளிம்பில் லேசாக இடித்தாலும் வெள்ளை பெயர்ந்து உள்ளே இருக்கிற மண் தெரிந்துவிடும். என் தட்டின் விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். நடுவில் ஒரு பாலம், ஒரு பக்கம் சாய்ந்த வீடு, தூண்டில் போடும் ஆள், வீட்டைவிடப் பெரிய ஒரு பறவை. வரைந்தவன் சீனாவைப் பார்த்ததே இல்லை என்பது பார்த்த உடனே தெரியும். பறவையின் கழுத்தருகே முடி அகலத்தில் ஒரு விரிசல்.

மத்திகிரிப் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடிக்கும் வேலையில் கூலிக்கு இருந்தபோது அது கிடைத்தது. தேக்கு, கம்பி, ஓடு எல்லாம் காண்ட்ராக்டருக்கு. சமையலறைப் பரணில் கரியேறிக் கிடந்த தட்டை மேஸ்திரி எடுத்து, நாய்க்குச் சோறு வைக்க ஆகும் என்று வெளியே போட்டிருந்தார். மத்தியானம் கை கழுவும்போது அதையும் கழுவினேன். கரிக்கு அடியிலிருந்து அந்தப் பறவை வந்தது.

"மேஸ்திரி, இத நான் எடுத்துக்கட்டுமா?"

"உங்கிட்ட நாய் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப நீயே அதுல தின்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நீலம் எனக்குப் புதிது இல்லை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். வேலை இருக்கும் ஊரெல்லாம் போயிருக்கிறேன். பழவேற்காட்டில் இறால் பண்ணை, சதுரங்கப்பட்டினத்தில் கட்டட வேலை, நாகப்பட்டினத்தில் ஐஸ் உடைப்பது. மூன்றும் ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் இருந்த ஊர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மழை விட்டதும் அங்கே மண்ணில் நீலக்கோடு போட்ட சில்லுகள் தலை நீட்டும். பொறுக்கி டின்னில் போட்டுக்கொள்வேன். இதையெல்லாம் விலை கொடுத்துச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். என் சேகரிப்பு குனிந்து பொறுக்கியது. வேலை இல்லாத நாட்களில் சில்லுகளைத் தரையில் பரப்பி, ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் பொருந்தியதில்லை. வேறு வேறு ஊர், வேறு வேறு பாத்திரம். பிறகு டின்னை மூடிவிடுவேன். கூப்பிட்டுக் காட்ட யாரும் இருந்ததில்லை.

பங்களா வேலை முடிந்ததும் ஓசூரில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பெரிய கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உருப்படிகள் செய்துகொடுக்கும் ஷெட். முதலாளி வீட்டில் தெலுங்கு, வெளியே கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். லேத்தில் ஒருவர், வெல்டிங்கில் ஒருவன். நான் ஹெல்ப்பர். ஹெல்ப்பருக்கு மெஷின் கிடையாது. பிசிறு தட்டுவது, தூக்குவது, கூட்டுவது, டீ வாங்கிவருவது.

வெல்டர் ஒடிசாக்காரன். அவனும் நானும் ஷெட்டின் பின்புறத் தடுப்பில் படுத்தோம். அவனுக்குத் தமிழ் பாதி வரும், எனக்கு இந்தி காலே அரைக்கால். அது போதுமானதாக இருந்தது. நான் தட்டைத் துடைப்பதை அவன் பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். "அண்ணா, இது சாப்பிட இல்ல, விக்க இல்ல. அப்ப என்னா?" என்று ஒருமுறை கேட்டான். "பாக்கறதுக்கு" என்றேன். பிறகு அவனும் கொஞ்ச நேரம் பார்த்தான். "பறவ பெருசு" என்றான்.

அந்த ஷெட்டிலிருந்துதான் கேட்டைக் கொண்டுபோய் கெலமங்கலத்தைத் தாண்டியிருந்த அந்தத் தோட்டத்து வீட்டில் மாட்டினோம். பெங்களூரில் ஏதோ கம்பெனியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வீடு. ஒண்டியாக இருந்தார். கேட்டோடு, சுவரில் தட்டுகளை நிறுத்தக் கம்பித் தாங்கிகளும் கேட்டிருந்தார். தாங்கிகளைப் பொருத்த உள்ளே போனவன் நின்றுவிட்டேன். ஹால் சுவர் முழுக்க நீலம். தட்டுகள், சுவரில் பதிக்கும் ஓடுகள், மருந்து ஜாடிகள். என் டின்னில் சில்லாகக் கிடந்ததெல்லாம் அங்கே முழுசாக இருந்தது.

"என்ன, பயந்துட்டீங்களா?" என்றார்.

"இல்ல சார். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு."

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "இங்க தங்கிப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். வர்றவங்கெல்லாம் தூசி தட்டுறேன்னு விளிம்பப் பேத்துட்டுப் போறாங்க. நீங்க வர்றதுன்னா வாங்க. அந்தத் தட்டையும் கொண்டாங்க" என்றார். பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது பட்டறை இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஷெட்டைக் கழுவி, வாசலில் வாழைக்கன்று கட்டினோம். அவரவர் மெஷினை அவரவர் துடைத்துப் பொட்டு வைப்பதுதான் எங்கள் பட்டறை வழக்கம். லேத்காரர் தன் லேத்துக்கு எண்ணெய் போட்டு மாலை போட்டார். முதலாளி தராசுக்கும் வண்டிக்கும் வைத்தார். வெல்டர் தன் செட்டுக்கு வைத்தான். அவன் ஊரில் இதே மாதிரி ஒரு பூஜை முன்னாலேயே வந்து போய்விடுமாம். அதனால் ஒரே வருடத்தில் இரண்டு பூஜை என்று அவனுக்குச் சந்தோஷம். எனக்கு வைக்க எதுவும் இல்லை. பூசணிக்காயும் பொரியும் வாங்கிவர என்னை அனுப்பினார்கள்.

திரும்பி வந்தபோது சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், உளி, ஸ்கேல் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் என் தட்டு. பறவையின் கழுத்தில், சரியாக விரிசல்மேல், குழைத்த சந்தனமும் அதன்மேல் ஈரக் குங்குமமும்.

"அண்ணா, உன் மெஷின்" என்றான் வெல்டர். விரலில் இன்னும் குங்குமம் இருந்தது.

"ஹெல்ப்பருக்கும் மெஷின் வந்துடுச்சுப்பா. இனிமே சம்பளம் ஏத்திக் கேப்பான்" என்றார் லேத்காரர்.

அந்த மாதிரித் தட்டில் விரிசல் இருந்தால் உள்ளே இருக்கிற மண் தண்ணீரை உறிஞ்சும். சாயம் உள்ளே இறங்கினால் திரும்ப வராது. இது எனக்குத் தெரியும். எடுக்கக் குனிந்தேன். முதலாளி கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய், சாமி முன்னாடி வெச்சத இன்னைக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலைல எடு."

வெல்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது போல இருந்தது. நான் நிமிர்ந்தேன். முதலாளி சூடம் காட்டினார். எல்லோரும் கும்பிட்டோம். பூசணிக்காயை நான்தான் உடைத்தேன்.

மறுநாள் துடைத்தபோது சந்தனம் போய்விட்டது. சிவப்பு போகவில்லை. விரிசல் வழியாக இறங்கி, பறவையின் கழுத்திலிருந்து பாலம் வரை மெல்லிய கோடாக ஓடியிருந்தது. வெல்டரிடம் அதைக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு ஆர்டர் குறைந்தது. மாங்காய் சீசன் வருவதற்குள் முதலாளி மெஷின்களை விற்று, ஷெட்டைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டார். லேத்காரர் சேலத்துக்குப் போனார். வெல்டர் குஜராத்துக்கு ரயில் ஏறினான். போன் செய்கிறேன் என்றான், இரண்டொரு தடவை செய்தான். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று பாஷையில் சொன்னது. காலி ஷெட்டில் பேசினால் என் குரலே திரும்பி வந்தது. குடோன்காரர்கள் மூட்டைகளோடு வந்த அன்று நான் தட்டையும் டின்னையும் எடுத்துக்கொண்டு தோட்டத்து வீட்டுக்குக் கிளம்பினேன். போக வேறு இடம் இல்லை.

அவர் என்னை மறக்கவில்லை. கிணற்றடி அறையைக் காட்டினார். கட்டில் இருந்தது, ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தக்காளித் தோட்டம். காபி கொடுத்தார். பிறகு மேஜையில் துண்டு விரித்து, தட்டை வைக்கச் சொன்னார். திருப்பினார், நகத்தால் தட்டிப் பார்த்தார், அடியில் சுடும்போது முட்டுக்கொடுத்த தழும்புகளைத் தடவினார்.

"டச்சுன்னு நெனச்சுட்டு இருந்தீங்களா?"

"ஆமா சார்."

"இது இங்கிலீஷ். வெள்ளையில லேசா நீலம் ஓடுது பாருங்க." தன்னுடைய டச்சுத் தட்டு ஒன்றை இறக்கிப் பக்கத்தில் வைத்தார். உண்மைதான். அது பால் வெள்ளை, கண்ணாடி மாதிரி மின்னியது. என்னுடையது சுண்ணாம்பில் நீலம் போட்டுச் சுவருக்கு அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் கையில் வைத்திருந்தும் நான் அதைப் பார்க்கவில்லை. டின்னையும் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு சில்லாக எடுத்து, இது ஜாடிக் கழுத்து, இது ஓட்டின் மூலை என்று சொல்லிக்கொண்டே போனார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இந்த விஷயத்தை இன்னொருவரோடு உட்கார்ந்து பேசியது எனக்கு அதுதான் முதல் தடவை.

சாப்பிட்டு வந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். "இந்தச் செவப்பு என்ன?"

"குங்குமம் சார். ஆயுத பூஜைக்கு வெச்சது."

சிரித்தார். "அடக் கடவுளே. தட்டுக்கா?" பிறகு, "கவலப்படாதீங்க. பெங்களூர்ல ஒருத்தர் இருக்கார். மருந்துல ஊறவெச்சு எடுத்துடுவார். சுத்தமா போயிடும். அப்புறம் இந்த எடத்துல மாட்டிடலாம்" என்று சுவரில் ஓர் இடத்தைக் காட்டினார். காலியாக இருந்தது. தாங்கி நான் பொருத்தியதுதான்.

"என் ரூம்லயே இருக்கட்டும் சார். இப்படியே."

"அது சரிப்படாதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஒரு தட்டு காணோம்னா, எது உங்களுது எது என்னுதுன்னு பேச்சு வரும். வீட்டுல இருக்கறதெல்லாம் சுவத்துல இருக்கணும். நீங்க தெனமும் பாக்கலாமே. துடைக்கப் போறதே நீங்கதான்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எந்த முதலாளியும் அப்படித்தான் சொல்வார்.

"செவப்ப எடுக்காம மாட்டலாமா சார்?"

"கறையோடயா? கறை எதுக்குங்க?"

"அது கறை இல்ல சார்."

"கறை இல்லாம வேற என்ன?"

ஒரு வெல்டர், ஒரு பூஜை, ஹெல்ப்பருக்கு மெஷின் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சில்லுகளை டின்னில் போட்டு, தட்டைப் போர்வையில் சுற்றினேன். அவர் பூதக்கண்ணாடியை மேஜையில் வைத்தார். பிறகு, "ரெண்டு நாள் யோசிச்சுட்டு வாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. பேச ஆள் கிடைத்ததில் அவருக்கும் ஆசை இருந்தது என்று நினைக்கிறேன். கேட் வரைக்கும் கூட வந்தார்.

ரோட்டில் இரண்டு பக்கமும் ரோஜா வளர்க்கும் பாலித்தீன் கொட்டகைகள். தக்காளிப் பெட்டி ஏற்றிய டெம்போக்கள் தாண்டிப் போயின. ஒன்றில் உட்கார்ந்திருந்தவன் என் நெஞ்சில் இருந்த மூட்டையைப் பார்த்து, "கொழந்தையா?" என்று கத்தினான். பதில் சொல்வதற்குள் வண்டி போய்விட்டது. ராயக்கோட்டையில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். தட்டைத் தலைக்கு வைக்க முடியாது, உடைந்துவிடும். பையைத் தலைக்கு வைத்து, தட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

காலையில் சென்னை ரோட்டில் நடந்தேன். லாரிகள் நிறைய நின்றிருந்த ஒரு ஓட்டலில் ஆள் தேவை என்று போர்டு தொங்கியது. கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும்?"

"தட்டு கழுவுவேன். உடைக்க மாட்டேன்."

"இங்க உடைக்கிற தட்டே கெடையாது, எல்லாம் எவர்சில்வர்" என்றார். மூட்டையைக் காட்டி, "அது என்ன?" என்றார். பிரித்துக் காட்டினேன். "யோவ், சொந்தத் தட்டோட வந்திருக்கியா? இங்க சோறு தட்டுலதான் போடுவோம், தரையில இல்ல." சப்ளையர்கள் சிரித்தார்கள். அவர் தட்டைக் கிட்டத்தில் பார்த்தார். "பொட்டு வெச்சிருக்கு?"

"ஆமாங்க. பூஜைல வெச்சது."

"அப்ப மேல வை. கால் படற எடத்துல வெக்காத" என்று ஆட்கள் தங்கும் அறையைக் காட்டினார். அங்கே அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு பலகை இருந்தது. சுவரோடு சாய்த்து, நழுவாமல் டின்னை முட்டுக் கொடுத்து வைத்தேன்.

தட்டு கழுவ ஏற்கெனவே ஆள் இருந்தான். எனக்குச் சாம்பார் வாளிகளைக் கழுவக் கொடுத்தார்கள்.