குட்டிச் சிம்பன்சியின் தாடை

திருமங்கலம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். மீன்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் என்ற திமிரோடுதான் அன்று ஆய்வகத்துக்குள் போனேன். அலமாரியில் இருந்த குட்டிச் சிம்பன்சியின் தாடையில், பற்களுக்குக் கீழே எலும்பைக் காணோம். உள்ளே வேறு பற்கள் தெரிந்தன.

ஆய்வக உதவியாளர் பாண்டியை மாணவர்கள் முன்னாலேயே பிடித்துக்கொண்டேன். "கீழ போட்டு ஒடச்சிட்டு, சத்தமில்லாம எடுத்து வச்சிட்டீங்களா?"

அவர் தாடையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒடஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே அளவாவா மேடம் ஒடையும்? பால்பல்லு விழுகுறதுக்கு முந்தியே அடியில நெரந்தரப் பல்லு வளருது. அதக் காட்டத்தேன் எலும்ப அறுத்து வச்சிருக்காக."

யாரோ சிரித்தார்கள். "சரி, போங்க" என்றேன்.

சாயங்காலம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திட்டுனது அம்புட்டுப் பேரு முன்னால. மன்னிப்பு மட்டும் யாருமில்லாதப்பவா?"

மறுநாள் முதலாமாண்டு மாணவர்களுக்கு அதே தாடையைக் காட்டி, நிரந்தரப் பற்கள் வளரும் விதத்தை அழகாக விளக்கினேன். பாண்டி கதவருகே நின்றிருந்தார். யார் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இங்கே எழுதுவதும், அவர் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான்.