மூக்கன் சாப்பிட்ட நாள்

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் பதினாறு வருடம் ஓட்டியவள் அவள். கம்பெனியில் அந்த வேலைக்கு இருந்த ஒரே பெண் என்பதால் 'லிஃப்டக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கருவிப் பையை உடனே திறக்கமாட்டாள். கதவு திறந்து மூடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பத்துத் தடவை பார்ப்பாள். காத்திருப்பவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் அசைந்து கொடுக்கமாட்டாள்.

வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி வைத்திருந்தாள். உப்பு கரைத்த நீர், உயிருள்ள பவளங்கள், அலைபோல நீரைத் தள்ளும் பம்ப் என்று மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து உருவாக்கியது. கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். "எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை இருக்கிற இடத்தைக் கை காட்டுவா. தண்ணியில உப்பு ஒரு புள்ளி ஏறினா லீவே போட்டுடுவா" என்று வருகிறவர்களிடமெல்லாம் புலம்புவார். புலம்பிக்கொண்டே வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பதும் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை மீன் கடைக்குப் போனாள். மூலைத் தொட்டியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன். வெள்ளை உடம்பில் செம்பு நிறப் பட்டைகள். முகத்தில் இடுக்கி போல நீண்ட மூக்கு.

கடைக்காரர் தலையாட்டினார். "அதை விட்டுடும்மா. வந்து அஞ்சு நாளாச்சு, வாயைத் திறக்கல. இந்த ஜாதி மீனே அப்படித்தான். வீட்டுத் தொட்டியில பிழைக்காது."

"பிழைக்காதுன்னு நீங்கதான் சொல்றீங்க. அது இன்னும் சொல்லலியே அண்ணே" என்றாள்.

புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடக்கூடாது. நோய் இருந்தால் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். அதனால் கணவரின் மேசைமேல் ஒரு சின்னத் தொட்டி ஏறியது. விடைத்தாள்கள் கட்டிலுக்குப் போயின. மீனுக்கு 'மூக்கன்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

உறைந்த இறாலைப் போட்டாள். மூக்கன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புழுவைப் போட்டாள், அது கண்ணெதிரே மிதந்து போனது. மூன்றாம் நாள் அவன் வயிறு ஒட்டத் தொடங்கியது.

"உங்க பெரியப்பா கோவிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரே, அசல் அதே மூஞ்சி" என்றார் கணவர்.

"பெரியப்பாவையே வழிக்குக் கொண்டு வந்தவ நான். நீங்க கம்முனு இருங்க."

மறுநாள் காலையில் ஸ்டூலைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் எதையும் போடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். மிதப்பதை மூக்கன் உணவாகவே நினைக்கவில்லை. ஆனால் தொட்டிக்குள் கிடந்த கல்லில் ஒரு பொந்து விடாமல் மூக்கை விட்டுத் துழாவினான். ஒன்றில் ஏமாந்தால் அடுத்தது. அவனுக்குப் பசி இருந்தது. சாப்பாடுதான் அவன் தேடும் இடத்தில் இல்லை.

கல்லை வெளியே எடுத்தாள். சிப்பி இறைச்சியை நறுக்கிப் பல்குச்சியால் பொந்துகளில் திணித்து, திரும்ப உள்ளே வைத்தாள். மூக்கன் நேராக வந்தான், மூக்கை விட்டான், இழுத்தான். வரவில்லை. இரண்டு தரம் முயன்றுவிட்டு விலகிப் போனான்.

அவள் முகம் வாடியது. அது ஒரு நிமிடம்தான். கல்லைத் திரும்ப எடுத்துக் குடைந்து பார்த்தாள். இறைச்சி கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. "அடைச்சது என் தப்பு" என்று சொல்லிக்கொண்டு, இம்முறை பிளேடால் நூல் நூலாகச் சீவி, தளர்வாக வைத்தாள்.

மூக்கன் வந்தான். ஒரு இழையைப் பிடுங்கினான். துப்பினான். மறுபடி கவ்வினான். விழுங்கினான். பிறகு அடுத்த பொந்துக்குப் போனான்.

அவள் பள்ளிக்கு ஃபோன் போட்டாள். "சாப்பிட்டுட்டான்!"

"சாப்பிட்டுட்டானா!" என்று கணவர் ஆசிரியர் அறையே அதிரக் கத்தினார். யாரோ ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துவிட்டதாக நினைத்துப் பக்கத்து வாத்தியார்கள் கைகுலுக்கினார்கள். அவரும் மறுக்கவில்லை.

ஒன்றரை மாதத்தில் மூக்கன் பெரிய தொட்டிக்குப் போனான். அங்கிருந்த மஞ்சள் மீன் இரண்டு நாள் துரத்தியது. மூக்கனின் சாப்பாட்டுக் கல்லைத் தொட்டியின் மறுகோடியில் வைத்து அதையும் சமாளித்தாள். கடைக்காரர் நேரில் வந்து பார்த்தார். மூக்கன் அவள் பிடித்திருந்த இடுக்கியிலிருந்தே சிப்பியைப் பிடுங்கியதைக் கண்டு, "நான் சொன்ன வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேம்மா" என்றார்.

இரண்டு வருடம் கழித்து, வேலைப் பயிற்சிக்காக அவள் பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. எதை, எப்போது, எவ்வளவு சீவ வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். நாலாம் நாள் கணவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. மூக்கன் நீரில் மிதந்த உறைந்த இறாலை ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

உடனே அழைத்தாள். "என்கிட்ட ஒரு நாள்கூட இறாலைத் தொட்டதில்லையே! என்ன பண்ணீங்க?"

"சிப்பி தீர்ந்துபோச்சு. இருக்கிறதைச் சாப்பிடுடான்னேன். சாப்பிட்டுட்டான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, சற்றே பொறாமையும் வந்தது. "சரி, மிச்சம் விழுந்தா எடுத்துடுங்க, தண்ணி கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.