அம்மப்பா எழுதாத கட்டுரை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சுவிஸில் டீட்டிகோன் என்ற ஊரில் எங்கள் தபால்பெட்டிக்குள் தடித்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று வந்து கிடந்தது. ஒரு படம்கூட இல்லாத புத்தகத்தை ஏன்தான் அச்சடிக்கிறார்களோ என்று எனக்குக் கோபமே வந்தது. புரட்டிக்கொண்டு போனால், ஒரு கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அம்மப்பாவின் பெயர். முன்னால் ஒற்றை எழுத்து, அதற்குப் பின்னால் அவர் பெயர் முழுசாக.

"அம்மப்பா, நீங்கள் கட்டுரை எழுதினனீங்களோ?" என்று அவரிடம் ஓடினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினி வாசலில் வந்து நின்று, "அது தங்கச்சி எழுதி அனுப்பினது, அப்பா. இஞ்சை உங்கடை பெயர்தானே எங்களுக்குக் குடும்பப் பெயர். முன்னுக்கு இருக்கிற எழுத்து அவளின்ரை" என்றார்.

"கலியாணம் கட்டின பிறகுமோ?" என்று கேட்டார் அம்மப்பா.

"ஓம். அவள் மாத்தேல்லை."

சித்தி பல்கலைக்கழகத்தில் பொருளாதார நிறுவனங்களை ஆராய்பவர். நிறுவனம் என்றால் வங்கிக் கட்டடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்; சனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் விதிகளும் நிறுவனம்தானாம். சித்தி, அம்மப்பா பார்த்த மாப்பிள்ளைக்கு ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு மாட்டேன் என்று கூர் நகரில் ஒரு சுவிஸ்காரரைக் கட்டியவர். அம்மப்பாவோ எங்கள் ஆட்களிடையே சீட்டுப் பிடித்தவர். சொன்ன சொல் தவறியவரை மறுபடி சீட்டில் சேர்க்கமாட்டார். மகளுக்கும் அதே சட்டம்தான். இனிக் கதைக்கமாட்டேன் என்றவர், கதைக்கவேயில்லை. சித்தி வராத பிறந்தநாள்கள் எனக்குப் பெரிய கவலையாக இருந்தன.

அன்று பின்னேரம் அம்மப்பா என்னைக் கூப்பிட்டார். "சித்திக்குப் போன் அடி. நான் கதைக்கமாட்டன். நீ கேள்."

இரண்டு பேருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தேன்.

"எதைப் பற்றி எழுதினது எண்டு கேள்."

கேட்டேன். அவர் சொன்னது சித்திக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"சீட்டைப் பற்றி எண்டு சொல்லு. சட்டம், கையெழுத்து ஒண்டும் இல்லாமல் சனம் குடுத்த சொல்லை எப்பிடிக் காப்பாத்துது எண்டு."

"காப்பாத்தாத ஆக்களை என்ன செய்யிறது எண்டு எழுதியிருக்கிறாளோ?"

இரண்டு பக்கமும் செய்தி கொண்டுபோகும் பெருமையில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

"விலக்கி வைப்பினம் எண்டு எழுதினனான்" என்றார் சித்தி. குரல் இறங்கிப் போயிருந்தது. "எவ்வளவு காலத்துக்கு எண்டு எனக்குத் தெரியேல்லை. சீட்டுப் பிடிச்சவரிட்டைக் கேட்டுச் சொல்லு."

அம்மப்பா அச்சடித்த தன் பெயரைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அடுத்த சீட்டிலை சேர்க்கலாம் எண்டு சொல்லு."

நான் வாயெடுக்குமுன்னமே போனுக்குள் அழுகைச் சத்தம் கேட்டது. எனக்குச் சித்தியை நினைக்கப் பாவமாகிவிட்டது. அம்மப்பா சீட்டை விட்டுக் கனகாலம் என்பது அவருக்குத் தெரியாதாக்கும் என்று நினைத்தேன்.

"சித்தி, அம்மப்பா இப்ப சீட்டுப் பிடிக்கிறேல்லை" என்று உண்மையைச் சொன்னேன்.

அம்மப்பா போனை எடுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். "பிள்ளை" என்றார்.

என் வேலையைப் பறித்துவிட்டார் என்று முறையிட நான் குசினிக்குப் போனேன். அங்கே அம்மாவும் அழுதுகொண்டு நின்றார்.